அடி இல்லாத பாவி

அந்த இதழ் தபாலில் வந்தபோது நான் அதைப் பிரிக்கக்கூட இல்லை. முப்பது வருஷமாகப் புத்தக மதிப்புரை எழுதுகிறவளுக்குத் தன் எழுத்தை அச்சில் பார்க்கிற ஆசையெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மாவரைக்கப் போய்விட்டேன். மறுநாள் மத்தியானம் காரைக்கால்மேட்டிலிருந்து ஃபோன் வந்தது. நான் மதிப்புரை எழுதிய புத்தகத்தின் ஆசிரியை பேசினாள்.

"டீச்சர், நீங்க எழுதுனது வந்துருச்சுங்க."

"அப்படியா, சந்தோஷம்மா. படிச்சியா?"

"படிச்சேங்க."

சிக்னல் போய்விட்டதோ என்று நான் இரண்டு தடவை 'ஹலோ' சொன்னேன். பிறகு அவள் கேட்டாள்: "நான் அப்படி என்னங்க தப்பா எழுதிட்டேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மதிப்புரையைப் போல நான் யாரையும் புகழ்ந்ததில்லை. பல் இல்லாமல் கடிப்பவள் என்று என்னைப் பற்றி எழுத்தாளர்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. எனக்குப் பல்லும் இருக்கிறது, அது வேறு விஷயம். அப்படிப்பட்ட நான் இந்தப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் பாராட்டு எழுதியிருந்தேன். "தப்பா? யாரு சொன்னா?" என்றேன்.

"எல்லாரும்தாங்க. மீன் ஏலக்கூடத்துல வச்சு அத்தைக்கு அந்த ஒத்த வரிய மட்டும் படிச்சுக் காட்டிட்டாங்க. அன்னையிலேருந்து அத்தை எங்கூடப் பேசல. ஒம்போது நாளாச்சு. தனியா உலை வைக்கிறாங்க. இப்படியே போனா நான் பட்டினச்சேரிக்கே போயிட வேண்டியதுதாங்க."

அத்தை என்று அவள் சொன்னது மாமியாரை. பட்டினச்சேரி அவளுடைய தாய்வீடு. அங்கே இப்போது அண்ணன் குடும்பம் இருக்கிறது. போனால் எப்படி இருக்கும் என்று அவள் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறாள்.

ஃபோனைக் காதில் வைத்தபடியே போய் இதழைப் பிரித்தேன். எனக்கு வரும் பிரதி எப்போதும் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வரும். முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவளுடைய புகைப்படம் இருந்தது. பக்கத்திலேயே கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில், என் மதிப்புரையிலிருந்து ஒரே ஒரு வரி.

"பாவி, இதை எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எழுதியது அடிப்பாவி.

நான் சொல்வது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். புரியாதவர்கள் தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ இருக்க முடியாது. என் மகள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தபோது நான் சொன்ன முதல் வார்த்தை "அடிப்பாவி". எதிர்வீட்டுக்காரி எழுபது வயதில் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தியபோதும் "அடிப்பாவி". நம்பவே முடியாத ஒன்றைச் செய்துவிட்ட ஒருத்தியைக் கட்டிக்கொள்வதற்கு முன் வாயிலிருந்து தானாக வருகிற சொல் அது. அதிலிருந்து 'அடி'யை எடுத்துவிட்டால் மீதி இருப்பது குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிற சொல். அதுவும் புருஷனைக் கடலில் பறிகொடுத்த ஒருத்தியின் புகைப்படத்துக்குப் பக்கத்தில்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது நாற்பது வயது இருக்கும். கருவாட்டு வியாபாரம். அதற்கு ஆறு வருஷம் முன்பு அவள் புருஷன் ஃபைபர் படகில் தனியாகப் போனான். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. சுனாமிக் குடியிருப்பில் மாமியாரும் மருமகளுமாக இரண்டே பேர். அவள் கோடு போட்ட நோட்டுகளில் எழுதி எழுதி வைத்ததை ஒரு சிறு பதிப்பகம் நூறு பக்கச் சொச்சத்தில் புத்தகமாகப் போட்டது. அதை என் வீட்டுக்கு அவளே எடுத்துக்கொண்டு வந்தாள், கூடவே ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு. "மதிப்புரைக்கு லஞ்சமா?" என்று கேட்டேன். "இல்லைங்க, இது நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். புத்தகம் எப்படின்னு தெரியாது" என்றாள். அந்தப் பதிலுக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

என்னை மிரள வைத்த பக்கம் இதுதான். மூன்றாம் நாள் தேடப்போன படகுகள் வெறுங்கையோடு திரும்பி வருகின்றன. வீடு நிறைய ஒப்பாரி. இவளுக்குப் பசிக்கிறது. அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய சோற்றில் தண்ணீரை ஊற்றி, சுட்ட கருவாட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு தட்டு சாப்பிடுகிறாள். ருசியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாள். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடியும் அழுதேன், அதுவும் நிஜமான அழுகைதான் என்று எழுதியிருக்கிறாள். இதைப் படித்துவிட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அடிப்பாவி, இதை எழுத உனக்கு எப்படி மனம் வந்தது என்று அப்போதே வாய்விட்டுச் சொன்னேன். அதையே எழுதினேன். அடுத்த வரியில், 'இந்தப் புத்தகத்தில் ஒரு பொய்கூட இல்லை' என்றும் எழுதினேன்.

ஃபோனில் அவளிடம் "அது நான் எழுதுனது இல்லம்மா, தப்பா வந்துருச்சு, நாளைக்கு நானே நேர்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டு இதழின் ஆசிரியரைக் கூப்பிட்டேன். மரியாதையான மனிதர். கத்தினால்கூட நிதானமாகப் பதில் சொல்வார். அதுவே கத்தத் தூண்டும்.

"அடி என்பது கொச்சை, மேடம். பேச்சு வழக்கு. நம்ம இதழ் நடைக்கு ஒத்து வராது. பாவி நல்ல சொல்தானே?"

"நல்ல சொல்லா?"

"சுத்தமான சொல்னு சொல்ல வந்தேன்."

"அதை எதுக்குக் கட்டம் கட்டினீங்க?"

"நல்ல பன்ச்சா இருந்துச்சு மேடம். நீங்க எப்பவும் காரமா எழுதுவீங்கன்னு வாசகர்களுக்குத் தெரியும். எதிர்பார்ப்பாங்க."

அவருக்கு அந்த வரி தப்பாகப் படவே இல்லை. நான் ஒருத்தியைப் பாவி என்று எழுதக்கூடியவள்தான் என்று அவர் சாதாரணமாக நம்பியிருக்கிறார். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடலாம் என்றார். வாசகமும் உடனே சொன்னார்: "சென்ற இதழில் பாவி என்பதற்கு முன் அடி சேர்த்து வாசிக்கவும்."

"யோவ், அதைப் படிச்சா பாவியை அடிக்கச் சொல்ற மாதிரி இருக்குய்யா!" என்று கத்தினேன். அறுபதைத் தாண்டிய ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒரு பத்திரிகை ஆசிரியரை 'யோவ்' என்று கூப்பிட்டிருக்கக் கூடாது. அதற்கு மட்டும் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

கோபம் அடங்கியதும் அவர் சொன்ன அந்தக் 'காரம்' நினைவுக்கு வந்தது. என் மதிப்புரைகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கும் கோப்பை எடுத்தேன். சும்மா பார்க்கலாம் என்றுதான் எடுத்தேன். ஒரு மொழிபெயர்ப்பைப் பற்றி, 'மூலத்துக்குச் செய்யப்பட்ட துரோகம்'. ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி, 'பட்டப்பகலில் நடந்த படுகொலை'. ஒருவர் வல்லினம் மிகும் இடங்களை விட்டதற்கு, 'மன்னிக்க முடியாத குற்றம்'. அப்பாவி வாத்தியார் ஒருவர் தன் பயணத்தை எழுதியிருந்தார். அவருடைய உவமைகள் 'அயோக்கியத்தனம்'. பக்கம் பக்கமாக இப்படியே. துரோகம் செய்தவர்கள், கொலை செய்தவர்கள், நஞ்சு கலந்தவர்கள். இவர்கள் செய்ததெல்லாம் சுமாராக ஒரு புத்தகம் எழுதியதுதான். ஊரில் உண்மையாகவே குடித்துவிட்டு மனைவியின் கையை ஒடித்தவனைப் பற்றி நான் சொன்ன அதிகபட்சம், "ஆள் சரியில்லை."

எனக்கு என்னைப் பார்த்தே அதிர்ச்சியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? மிக்ஸி நின்றால் 'சனியன்'. திருநள்ளாறு எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். உலகமே சனி விலக அங்கே வந்து குளிக்கிறது, நான் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரி, மிக்ஸியைச் சனியனாக்கி அடுக்களையிலேயே வைத்திருக்கிறேன். பால் பொங்கினால் 'கொடுமை'. கரண்ட் போனால் 'அநியாயம்'. பாவி என்கிற சொல்லோ எங்கள் வீட்டில் இன்னும் மலிவு. ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் ஐம்பது தடவைக்கு மேல் எங்களை நாங்களே பாவிகள் என்று சொல்லிக்கொள்வோம், சொல்லிக்கொண்டே அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறதா என்று மூக்கால் கவனிப்போம். அந்தச் சொல்லுக்கு எடை உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் காரைக்கால்மேடு போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஒரு நிமிஷ வேலை, அடி விட்டுப்போனதைச் சொன்னால் மாமியாருக்குப் புரிந்துவிடும், எல்லோரும் சிரித்துவிட்டு டீ குடிப்போம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமியார் வீட்டில் இல்லை. ஏலத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் இரண்டு அடுப்பு இருந்ததைப் பார்த்தேன். ஒன்று கேஸ், இன்னொன்று பின்வாசலில் புதிதாக மூன்று செங்கல் வைத்துக் கட்டியது. அந்தச் செங்கல்லைப் பார்த்ததும்தான் ஒன்பது நாள் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது.

அவள் எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் பாயில் உட்கார்ந்தாள். நான் மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். என் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அடிப்பாவி என்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் குனிந்து அதைப் பார்த்தாள். முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை.

"அப்ப இது அந்தச் சோறு தின்ன பக்கத்தைத்தான் சொல்றதுங்களா?"

"வேற எதைச் சொல்லப்போறேன்?"

"அதுக்கு முன்னாடி பக்கத்தை இல்லையா?"

"முன்னாடி பக்கத்துல என்ன இருக்கு? அவரு கெளம்புறாரு, காய்ச்சலோட. நீ பத்திரமா போயிட்டு வாங்கன்னு சொல்ற."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்களா? நான் நெனச்சேன், படிச்சவங்க, எப்படியோ கண்டுபுடிச்சிட்டாங்கன்னு. கட்டம் கட்டிப் போட்டிருக்கறதப் பாத்ததும் கை காலெல்லாம் ஓடலைங்க."

"என்ன கண்டுபிடிக்கணும்?"

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அவள் அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன். மாமியார் போன வருஷம் இறந்துபோன பின்பு, புத்தகத்தின் மறுபதிப்பில் அவளே அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டாள்.

"பத்திரமா போயிட்டு வாங்கன்னு நான் சொல்லலைங்க. அன்னைக்கு எங்களுக்குள்ள சண்டை. ரெண்டு நாளாக் காய்ச்சல்னு படுத்தே கெடந்தாரு, தொட்டதுக்கெல்லாம் சள்ளுனு விழுந்தாரு. எனக்கும் பொறுக்கல. போய்த் தொலைங்கன்னேன். எந்திரிச்சுப் போனாரு." முந்தானையை இழுத்துச் செருகினாள். "தொலைஞ்சிட்டாருங்க."

போய்த் தொலை. நான் அதை நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன்? என் புருஷனிடம் செய்தித்தாளுக்காகச் சொல்கிறேன், பூனையிடம் சொல்கிறேன், ஃபோனில் கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம் சொல்கிறேன். சொல்லிவிட்டு மறந்துவிடுகிறேன். அவர்கள் எல்லோரும் சாயங்காலம் பத்திரமாக வீட்டில் இருக்கிறார்கள்.

'ஒரு பொய்கூட இல்லை' என்று நான் எழுதியதும் அதே நேரத்தில் நினைவுக்கு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொய்யை மோப்பம் பிடிக்கத் தெரிந்தவள் என்று முப்பது வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தவள் நான்.

"அத்தைக்குத் தெரியுங்க" என்றாள். "அப்ப அவங்க இங்கதான் மீன் அரிஞ்சிக்கிட்டு இருந்தாங்க. காதுல விழுந்துச்சு. எல்லாம் முடிஞ்ச பெறகு ஒரு நா கூப்பிட்டு, அந்த வார்த்தை நம்ம ரெண்டு பேரோட போவட்டும், வெளிய தெரிஞ்சா ஊரு உன்ன உசுரோட விடாதுன்னாங்க. அதோட சரி. ஆறு வருசமா ஒரு நாளும் அதப் பேசுனதில்ல. என்னை ஒரு நாளும் பாவின்னு சொன்னதில்லைங்க. அவங்க சொல்லியிருக்கலாம். பெத்தவங்க."

அவள் அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இப்ப அச்சுல பாவின்னு வந்ததும், நான் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு நெனச்சுட்டாங்க. பொத்திப் பொத்தி வச்சத நான் போயி டீச்சர்கிட்ட கொட்டிட்டேன்னு. நான் சொல்லலைன்னு எப்படிங்க சொல்றது? அதச் சொல்லணும்னா அந்தப் பேச்சை எடுக்கணும். எடுக்க மாட்டோம்." பிறகு திடுக்கிட்டவளாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்ப சொல்லிட்டேனே."

ஆக நான் பெரிய உபகாரம் செய்ய வந்திருந்தேன். அவள் ஆறு வருஷம் யாரிடமும் சொல்லாததை, சொல்லிவிட்டாள் என்று பழி விழுந்த பத்தாவது நாளில், என்னிடம் சொல்லும்படி செய்துவிட்டேன். திருத்தம் எதுவும் போடச் சொல்லாதீங்க டீச்சர், மறுபடியும் எல்லாரும் எடுத்துப் பார்ப்பாங்க என்றாள். சரி என்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் மீன் அன்னக்கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. மாமியார் வந்துவிட்டாள். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் யார் என்று கேட்கவில்லை. தெரிந்திருந்தது. மருமகள் இருந்த பக்கம் திரும்பாமலே சுவரோரம் வந்து நின்றாள்.

"நீங்கதான் எழுதுன டீச்சரா?"

"ஆமாம்மா." எழுந்து நின்றேன். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"எம்மருமவளை எதுக்குப் பாவின்னீங்க?"

நான் அடியைப் பற்றிச் சொன்னேன். பாராட்டாக எழுதியது, அச்சில் ஒரு வார்த்தை விட்டுப்போய்விட்டது என்றேன். கையெழுத்துப் பிரதியை நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது நீட்டிய பிறகுதான் உறைத்தது. அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அத்தனை வருஷம் பிள்ளைகளை முறைத்துப் பழகிய என்னால் அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

"இவ உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?"

மருமகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைவிரல் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"எதுவும் தெரியாதா உங்களுக்கு?"

"எதுவும் தெரியாதும்மா."

"ஒண்ணுமே தெரியாமயா ஒருத்திய பாவின்னு எழுதுனீங்க?"

இத்தனை வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி எத்தனையோ பேர் என்னவெல்லாமோ கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். வக்கணையாகவே சொல்லியிருக்கிறேன். இதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால்தான் இந்த வீட்டில் மறுபடியும் ஒரே அடுப்பு எரியும்.

"ஆமாம்மா. ஒண்ணும் தெரியாமத்தான் எழுதிட்டேன்."

அதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதில் கோபம் போய்விட்டிருந்தது; இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. பிறகு பத்து நாளில் முதல் தடவையாக மருமகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாடி? அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாம்."